விண்டோ எங்கே போச்சு? திரைக்கு வெளியே போன புரோகிராம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற யாரிடம் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள்: "நேத்து வரைக்கும் இருந்துச்சு தம்பி, இன்னைக்குத் திறந்தா காணோம்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இது கொஞ்சம் கூடும். விசைப்படகு கரையில் நிற்கும். படகுக்காரர் பையனுடைய லேப்டாப்பைத் திறந்து வருஷக் கணக்கை எழுத உட்காருவார். பையன் அதை டிவியில் மாட்டிப் படம் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொதுவானவை. வித்தியாசம் வருகிற இடத்தில் சொல்லியிருக்கிறேன். மாட்டிக்கொண்டவருக்கும், அவருக்கு ஃபோனில் உதவுகிறவருக்கும் சேர்த்தே எழுதியது.

திரைக்கு அடியில் உள்ள பட்டையில் (டாஸ்க்பார்) புரோகிராமின் படம் இருக்கிறது. கிளிக் பண்ணினால் திரையில் ஒன்றும் வரவில்லை. அழிந்துவிட்டதா?

இல்லை. அந்தப் படத்துக்கு அடியில் சின்னதாக ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அடித்து வைத்த கணக்கும் அதற்குள் பத்திரமாக இருக்கும். விண்டோ மட்டும் திரையின் எல்லையைத் தாண்டி நிற்கிறது. நங்கூரம் போட்ட வள்ளம் கரைக்குத் தெரியாத தூரம் விலகிப் போனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது. பட்டையில் தெரிகிற அந்தப் படம்தான் கயிறு.

கோபத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். சேமிக்காத கணக்கு போய்விடும். விண்டோவோ மறுபடி அதே இடத்தில் போய் நிற்கும்.

சரி, எப்படி இழுத்துக் கொண்டு வருவது?

மூன்று வழி இருக்கிறது. மவுஸ் மட்டும் பழகினவருக்கு முதல் வழி.

பட்டையில் உள்ள படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய்க் கிளிக் பண்ணாமல் சும்மா வைத்திருங்கள். மேலே தபால்தலை அளவில் ஒரு குட்டிப் படம் எழும். மவுஸை அந்தக் குட்டிப் படத்தின் மேல் ஏற்றி, வலது பக்கப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். ரீஸ்டோர், மூவ், சைஸ், மினிமைஸ், மேக்ஸிமைஸ், குளோஸ் என்று ஒரு பட்டியல் வரும். அதில் மேக்ஸிமைஸைக் கிளிக் செய்தால் விண்டோ திரை முழுக்க வந்து நிற்கும். பிறகு அதன் உச்சியில் உள்ள தலைப்புப் பட்டையைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்தால், அது சிறிய விண்டோவாக மாறி மவுஸோடு கூடவே வரும். வேண்டிய இடத்தில் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்தது.

இரண்டாவது வழி கீபோர்டில். பட்டையில் உள்ள படத்தை ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு, ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஸ்பேஸ் பாரைத் தட்டி, இரண்டையும் விடுங்கள். பிறகு எம். திரையில் எந்த மாற்றமும் தெரியாது. தெரியாதபோதுதான் ஆட்கள் பதறிப்போய் வேறு எதையாவது அழுத்திவிடுகிறார்கள். பதற வேண்டாம். அம்புக்குறி கீகளில் ஏதாவது ஒன்றை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ அதன் முனையில் ஒட்டிக்கொண்டு திரைக்குள் வரும். வந்ததும் இடது பட்டனை ஒரு கிளிக். அந்த ஒரு அம்புக்குறித் தட்டுதான் உயிர்நாடி. அதை விட்டுவிட்டு மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் விண்டோ வராது.

மூன்றாவது வழி, இரண்டு திரை உள்ளவர்களுக்கு: விண்டோஸ் கீ, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறி. விண்டோ ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தாவும். விண்டோஸ் கீ என்பது கீபோர்டின் கீழ்வரிசையில் நாலு கட்ட ஜன்னல் படம் போட்டது.

பட்டியல் வருகிறது, ஆனால் மூவ் மங்கலாக இருக்கிறது.

விண்டோ ஏற்கெனவே முழுத்திரையாகவோ, சுருட்டிக் கீழே போட்ட நிலையிலோ இருக்கிறது என்று அர்த்தம். முதலில் ரீஸ்டோர். பிறகு மூவ் தெளிவாகிவிடும்.

ஆல்ட், ஸ்பேஸ் அழுத்தினால் ஏதோ தேடல் பெட்டி வருகிறதே?

நீங்கள் பிற்பாடு போட்ட ஏதோ ஒரு புரோகிராம் அந்தச் சேர்க்கையைத் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. எஸ்கேப் அடித்து வெளியே வந்து, குட்டிப் படத்து வழியில் போங்கள். பட்டியல் வந்து எம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கீபோர்டு தமிழில் இருக்கிறதா பாருங்கள். தமிழில் இருந்தாலும் கவலையில்லை, கீழ் அம்புக்குறியால் மூவ் வரை இறங்கி எண்டர் தட்டினால் அதே பலன்.

ஏன் இப்படி ஆகிறது? நான் ஒன்றையும் தொடவில்லையே.

உண்மையாகவே நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள்.

திரை முழுக்கப் புள்ளிகள். சாதாரண லேப்டாப்பில் அகலத்துக்கு 1366, உயரத்துக்கு 768. இன்றைய டிவி பலவற்றில் 1920-க்கு 1080. இடது மேல் மூலையைப் பூஜ்ஜியமாக வைத்து, ஒவ்வொரு விண்டோவும் எத்தனையாவது புள்ளியில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது. நிறைய புரோகிராம்கள் மூடும்போது அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதே இடத்தில் திறக்கும். நல்ல ஏற்பாடுதான். டிவியை வலது பக்கத் திரையாக மாட்டி அதில் விண்டோவை வைத்திருந்தால் குறித்த எண் 1500 என்று இருக்கும். டிவியைக் கழற்றிய பிறகு லேப்டாப்பில் 1500-ஆவது புள்ளி ஏது? டிவி இடது பக்கம் என்று அமைந்திருந்தால் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸில் போகும். புதிய புரோகிராம்கள் "இந்த இடம் இப்போது இருக்கிறதா?" என்று பார்த்துவிட்டுத் திறக்கும். பழைய பில் போடும் புரோகிராம், கணக்குப் புரோகிராம் பலவற்றுக்கு அந்த விசாரணை கிடையாது.

டிவியே இல்லாத வீட்டிலும் இது நடக்கும். கீழே சுருட்டிப் போட்ட விண்டோவை விண்டோஸ் மைனஸ் 32000 என்கிற புள்ளியில் ஒதுக்கி வைக்கிறது. அந்த நிலையிலேயே புரோகிராமை மூடும்போது, சரியாக எழுதப்படாத சில புரோகிராம்கள் அந்த எண்ணையே தன் இடம் என்று குறித்துக்கொள்ளும். அடுத்த நாள் அங்கேதான் திறக்கும். தப்பு எழுதினவன் பேரில், வசவு மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு.

நம் கடற்கரைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு, உப்புக்காற்று. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வரவேற்பு மேசையில் இரண்டு மானிட்டர் இருப்பதைப் பார்க்கலாம். ஊழியருக்கு ஒன்று, அறை வாடகையை விருந்தாளிக்குக் காட்ட ஒன்று. பின்னால் மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற விஜிஏ வயரைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். மேசையை யாராவது இடித்தால் போதும், தொடர்பு விட்டு விட்டு வரும். ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் "இரண்டாவது திரை போச்சு, வந்துச்சு" என்று நினைத்து விண்டோக்களை இடம் மாற்றும். இந்த மாதிரி இடத்தில் விண்டோவை இழுத்து வைத்துப் புண்ணியமில்லை. எல்லாவற்றையும் அணைத்து, வயரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு திருகோடு இறுக்கி மாட்டுங்கள். தேறாத வயரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

டிவி மாட்டியபடியே இருக்கிறது, ஆனால் அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. டிவியை ரிமோட்டில் அணைத்தாலும், சேனல் மாற்றினாலும், எச்டிஎம்ஐ வயர் செருகியிருக்கிற வரை பல டிவிகளை விண்டோஸ் திரையாகவே எண்ணிக்கொண்டிருக்கும். மேக்ஸிமைஸ் செய்தால்கூட விண்டோ அந்த இருட்டு டிவியில்தான் விரியும். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு பி தட்டுங்கள். நாலு தேர்வு வரும்: இந்தக் கம்ப்யூட்டர் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, இரண்டாக நீட்டு, இரண்டாம் திரை மட்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் போன விண்டோ எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்துவிடும். டிவியில் படம் பார்க்க மட்டும் மாட்டுகிற வீட்டில் இரண்டாவது தேர்வே போதும். "நீட்டு" என்பது அந்த வீட்டுக்குத் தேவையே இல்லை.

விண்டோ தெரிகிறது, ஆனால் தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய்விட்டது. பிடித்து இழுக்க இடமில்லை.

விண்டோஸ் கீயோடு மேல் அம்புக்குறி. முழுத்திரையாகிவிடும். பிறகு மேலே சொன்னபடி இழுத்துக்கொள்ளுங்கள்.

படிவம் நிரப்பி முடித்தேன். ஓகே பட்டன் மட்டும் திரைக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் நிறைய வீட்டில் ஓடுகிறது. இந்தச் சிக்கல் அதிகம் வருவது அந்த மாதிரிப் பழைய, சிறிய திரைகளில். வீட்டில் பெரியவர் கண்ணுக்கு எழுத்து தெரியட்டும் என்று யாராவது அளவை 125 சதவீதமாக ஏற்றியிருப்பார்கள். 768 புள்ளி உயரத் திரையில் அப்படிச் செய்தால், புரோகிராமுக்குக் கிடைக்கிற இடம் 614 புள்ளிக்குச் சமம்தான். பட்டன் இருக்கிற கடைசி வரி அதற்குள் அடங்காது.

அவசரத்துக்கு எண்டர் தட்டிப் பாருங்கள். பல பெட்டிகளில் எண்டர் என்றால் ஓகே. பணம் கட்டுகிற பக்கத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பட்டனை அழுத்தாதீர்கள். அங்கே செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய் ஸ்கேல் என்கிற இடத்தில் 100 வைத்து, வேலை முடிந்ததும் 125-க்குத் திருப்பிவிடுங்கள். பெரியவருடைய கண்ணும் முக்கியம்தானே. பிரவுசருக்குள் இருக்கிற படிவம் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மைனஸ் தட்டினால் பக்கம் சுருங்கும். கன்ட்ரோலும் பூஜ்ஜியமும் பழைய அளவுக்குக் கொண்டு வரும்.

பிரவுசரில் முகவரிப் பட்டை, மூடுகிற பட்டன் எதையும் காணோம்.

எஃப் 11. சில லேப்டாப்பில் எஃப்என் கீயோடு சேர்த்து எஃப் 11.

கீழே இருக்க வேண்டிய பட்டை பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

விண்டோஸ் 10-இல் பட்டையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, பூட்டு என்று பொருள்படும் லாக் வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, பட்டையைப் பிடித்துக் கீழே இழுங்கள். பிறகு மறுபடி பூட்டுங்கள். விண்டோஸ் 11-இல் இப்படி இழுக்கிற வசதி எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே பட்டை காணோம் என்றால் அது தானாக மறையும்படி அமைந்திருக்கும். மவுஸைத் திரையின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோனால் எழும்பி வரும்.

திறந்து வைத்த எல்லா விண்டோவும் ஒரே நேரத்தில் காணாமல் போய்விட்டன.

இரண்டில் ஒன்றாக இருக்கும். விண்டோஸ் கீயும் டி-யும் தவறுதலாக விரலில் பட்டிருந்தால் எல்லாம் கீழே சுருண்டிருக்கும். அதையே இன்னொரு தடவை அழுத்தினால் வந்துவிடும். இல்லையென்றால் நீங்கள் வேறொரு டெஸ்க்டாப்பில், அதாவது அதே கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் தனியாக வைக்கிற இன்னொரு வேலை மேசையில், நிற்கிறீர்கள். விண்டோஸ் கீயோடு டேப் தட்டினால் எத்தனை டெஸ்க்டாப் இருக்கிறது என்று காட்டும். உங்கள் வேலை இருப்பதைக் கிளிக் செய்துவிட்டு, மற்றதைப் பெருக்கல் குறியால் மூடிவிடுங்கள். மூடினாலும் அதில் திறந்திருந்தவை பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும், எதுவும் போகாது.

வாப்பா கீழக்கரையில் கடைக் கணக்கு பார்க்கிறார், நான் துபாயில் இருக்கிறேன். ஃபோனில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே சொன்ன கீகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது யாராலும் முடியும். எதிர்முனையில் இருப்பவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை.

முதலில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத்தான் கட்டுப்பாடு, போட்டோ தாராளமாக வரும். கொஞ்சம் தள்ளி நின்று, பட்டை வரை முழுத் திரையும் விழுகிற மாதிரி எடுக்க வேண்டும். பெரியவர்கள் கிட்டப் போய் நடுவில் மட்டும் எடுத்து அனுப்புவார்கள்.

பிறகு பேச்சு இப்படிப் போகட்டும்:

"வாப்பா, மவுஸ்லேர்ந்து கையை எடுத்துருங்க. திரைக்கு அடியில ஒரு பட்டை தெரியுதா?"

"மணி காட்டுதே, அதுவா?"

"அதேதான். அதுல நம்ம கணக்குப் படம் எந்தப் பக்கம் இருக்கு?"

"பச்சையா ஒண்ணு நடுவுல இருக்கு."

"அது மேல அம்பைக் கொண்டுபோய் வைங்க. அமுக்க வேணாம், சும்மா வைங்க. என்ன தெரியுது?"

"சின்னதா ஒரு பெட்டி வந்துச்சு... கையை எடுத்தா போயிருது."

"போகட்டும், மறுபடி வைங்க. அவசரமில்ல."

கவனியுங்கள், "தெரியுதா, சரியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால், மகனுக்கு நேரமாகிறதே என்று தெரியாததையும் "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். "என்ன தெரியுது?" என்று கேட்டால் அவர்கள் வாயிலிருந்து விஷயம் வரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். இடைவெளியில் நீங்கள் அடுத்ததைச் சொன்னால், அவர் முந்தினதைப் பாதியில் விட்டுவிட்டு இதற்குத் தாவுவார். ஆல்ட், ஸ்பேஸ் என்று பெயர் சொல்வதைவிட "அடிவரிசையில் நீட்டமா ஒரு பட்டன் இருக்கே, அதுக்கு இடது பக்கம் ஒட்டினாப்புல இருக்கிறது" என்று இடம் சொல்வது நல்லது. பெயர் தானாகப் பழகிவிடும்.

நேரத்தையும் பாருங்கள். உங்களுக்கு ராத்திரி எட்டு என்றால் அங்கே ஒன்பதரை. நாள் முழுக்கக் கடையில் நின்றவரை அந்த நேரத்தில் கீபோர்டு பழக்கச் சொல்வது இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு. காலையில் கடை திறந்த பிறகு செய்யலாம்.

அதற்குப் பதில் எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் புரோகிராம்) போட்டு நானே சரிசெய்துவிடலாமே?

செய்யலாம், குடும்பத்துக்குள் என்றால். இருந்தாலும் அடுத்த வாரம் மறுபடி அதே அழைப்பு வரும். ஒரு தடவை அவர் கையாலேயே விண்டோவை இழுத்துக் கொண்டு வந்துவிட்டால் பிறகு கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் அது வேறு காரணத்துக்காகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பக்கம் வந்து, மூட முடியாமல், "வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று மிரட்டினால் அது ஏமாற்று வேலை. அந்த எண்ணில் இருப்பவன் எனிடெஸ்க் போடச் சொல்வான், பிறகு ஓடிபி கேட்பான். அழைக்கவே கூடாது. எஸ்கேப்பைச் சில வினாடி பிடித்துப் பாருங்கள், பிறகு ஆல்ட், எஃப் 4. அதற்கும் போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, வருகிற பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். பணம் போய்விட்டது என்றால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

இழுத்து வைத்தேன். மறுநாள் திறந்தால் பழையபடி காணோம்.

புது இடத்தை அது குறித்துக்கொள்ளவில்லை. திரைக்கு நடுவே, முழுத்திரையாக இல்லாமல் சாதாரண அளவில் வைத்து, மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடுங்கள். மூடும்போதுதான் பல புரோகிராம்கள் இடத்தைப் பதிவு செய்கின்றன. கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் அந்தப் பதிவு நடக்காது, பழைய எண்ணே நிற்கும். இன்னொரு வழக்கமும் வேண்டும்: டிவி வயரை உருவுவதற்கு முன் அதில் உள்ள விண்டோக்களை லேப்டாப்புக்கு இழுத்து மூடிவிடுவது.

கடையில் கொண்டுபோனால் ஃபார்மட் பண்ண வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம். விண்டோ இடம் மாறியதற்கு ஃபார்மட் என்று யார் சொன்னாலும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பிள்ளைகள் படமும் கணக்கும் போனதுதான் மிச்சமாகும். புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போடுவதும் பல சமயம் பலிக்காது. அந்த இட எண் எழுதப்பட்ட குறிப்பு அழியாமல் உள்ளேயே கிடக்கும்.

எங்கள் பழைய அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. அதில்?

அதில் இன்னும் சுலபம். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் இழுக்கலாம், தலைப்புப் பட்டையே தேவையில்லை. நகராவிட்டால் ஆல்ட்டுக்குப் பதில் ஜன்னல் படம் போட்ட கீயைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுக்க வெளியே போயிருந்தால் ஆல்ட், எஃப் 7, பிறகு அம்புக்குறிகள்.

விண்டோஸ் கீயே வேலை செய்யவில்லை. துருப்பிடித்துவிட்டது போல.

கடலுக்கு நேரே ஜன்னல் வைத்த அறையில் கீபோர்டு சீக்கிரம் போய்விடுகிறது. ஸ்டார்ட் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் கன்ட்ரோல், எஸ்கேப் போதும். மற்ற கீகளுக்கு ஸ்டார்ட்டில் ஆன் ஸ்கிரீன் கீபோர்டு என்று தேடித் திறந்தால், திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதில் மவுஸால் தட்டலாம். வேலை இல்லாத நேரத்தில் வெளிக் கீபோர்டைத் துணி போட்டு மூடி வையுங்கள். புதிதாக வாங்கினால் யூஎஸ்பி வயரோடு உள்ள சாதாரண கீபோர்டே இங்கே போதும்.